விருந்தாளியாக நுழைந்தார்... ஆறு கைதிகளோடு கிளம்பினார்!

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ரயில் ஏறினால், அரை மணி நேரத்தில் ஃப்ரீமேன்டில் வந்துவிடும். ஸ்வான் ஆறு இந்தியப் பெருங்கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிற துறைமுக ஊர். கன்னியாகுமரியில் நின்று நாம் பார்க்கிற அதே கடல்தான். அதன் இன்னொரு கரை இது. கோடையில் காலையெல்லாம் வெயில் கொளுத்தும். மதியத்துக்கு மேல் கடலிலிருந்து ஜிலுஜிலுவென ஒரு காற்று கிளம்பும். அந்தக் காற்றுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஃப்ரீமேன்டில் டாக்டர்’. புழுக்கத்துக்கு வைத்தியம் பார்க்கிறதாம்!

வரிசையாகக் காபிக் கடைகள், 1897-ம் வருடத்து மார்க்கெட், பழைய சுண்ணாம்புக்கல் கட்டடங்கள் என்று நிதானமாகச் சுற்ற ஏற்ற ஊர். மார்க்கெட்டிலிருந்து சில நிமிடம் நடந்தால், மேட்டின்மேல் வெளிர்நிறத்தில் நீளமான மதில் ஒன்று கண்ணில் படும். அதுதான் ஃப்ரீமேன்டில் சிறைச்சாலை. இங்கே வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கதை ஒன்று உண்டு. அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஒருவர், பணக்காரர் வேடத்தில் இந்தச் சிறைக்குள் விருந்தாளியாக வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, சில மாதங்களில் இங்கிருந்து ஆறு கைதிகளை அழைத்துக்கொண்டு கடலோடு போய்விட்ட கதை. நடந்த வருடம் 1876. அவர் பெயர் ஜான் பிரெஸ்லின்.

தங்களுக்குத் தாங்களே கட்டிய சிறை

பிரிட்டனிலிருந்து கைதிகளை ஏற்றிய முதல் கப்பல் 1850-ல் இங்கே வந்தது. அடுத்த 18 ஆண்டுகளில் பத்தாயிரம் பேருக்குக் கொஞ்சம் குறைவாக வந்து இறங்கினார்கள். அவர்களைப் பூட்டி வைக்கச் சிறை வேண்டுமே? அவர்களையே கல் வெட்ட வைத்து, அவர்களையே கட்ட வைத்தார்கள். 1850-களில் எழும்பிய நான்கு மாடிக் கட்டடம் இன்றும் அப்படியே நிற்கிறது.

அன்றைய அறை ஒன்றின் அளவு ஏழடிக்கு நாலடி. கையை முழுதாக விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கும். குறுக்கே ஒரு தூளிப் படுக்கை, அவ்வளவுதான். 1991-ம் ஆண்டு வரை இது நிஜமான சிறையாகவே இயங்கியது. 2010-ல் ஆஸ்திரேலியாவின் மற்ற பழைய கைதிக் குடியிருப்புகளோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது.

இந்த மேற்குக் கரைக்குக் கைதிகளைக் கொண்டுவந்த கடைசிக் கப்பல் ‘ஹூகுமான்ட்’. 1868 ஜனவரியில் வந்த அதில் 62 பேர் அயர்லாந்தின் அரசியல் கைதிகள். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து அயர்லாந்தை விடுவிக்க ரகசியமாகத் திரண்ட ‘ஃபீனியன்’ இயக்கத்தினர். கடலிலேயே அவர்கள் ‘தி வைல்டு கூஸ்’ என்று கையால் எழுதிய பத்திரிகை நடத்தி, சக கைதிகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். வைல்டு கூஸ் என்றால் காட்டு வாத்து. தாய்நாட்டைப் பிரிந்து அந்நிய தேசங்களில் போரிடப்போன ஐரிஷ் வீரர்களை, அயர்லாந்து மக்கள் அந்தப் பறவையின் பெயரால்தான் சொல்வார்கள்.

1869-லும் 1871-லும் ஃபீனியன் கைதிகள் பலருக்கு மன்னிப்பு கிடைத்தது. ஆனால், ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் கதவு திறக்கவே இல்லை. அவர்கள் பிரிட்டிஷ் ராணுவத்தில் சிப்பாய்களாக இருந்துகொண்டே இயக்கத்தில் சேர்ந்தவர்கள். ராணிக்குச் செய்த சத்தியத்தை மீறியவர்களுக்கு மன்னிப்பு இல்லை என்பது அரசாங்கத்தின் கணக்கு. ஊரெல்லாம் விடுதலைச் செய்தியைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, இவர்கள் இங்கே கல் சுமந்துகொண்டிருந்தார்கள்.

நியூயார்க்குக்கு வந்த கடிதம்

அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வில்சன் எழுதிய ரகசியக் கடிதம், 1874-ல் நியூயார்க்கில் இருந்த ஜான் டெவாய்க்குப் போய்ச் சேர்ந்தது. கல்லறைக்குள்ளிருந்து வரும் குரல் என்று தன் கடிதத்தைப் பற்றி அவரே எழுதியிருந்தார். எங்களை மறந்துவிட்டீர்களா என்பதுதான் அதன் சாரம்.

டெவாயால் அதைப் படித்துவிட்டு மடித்து வைக்க முடியவில்லை. காரணம் இருந்தது. பிரிட்டிஷ் ராணுவத்துக்குள் சிப்பாய்களை இயக்கத்துக்குச் சேர்க்கும் வேலையைச் செய்தவரே அவர்தான். தன் பேச்சை நம்பி வந்தவர்கள், உலகத்தின் மறுகோடியில் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறார்கள். டெவாயும் பிரிட்டிஷ் சிறையில் இருந்தவர். நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுதலையாகி, 1871-ல் அமெரிக்கா வந்து பத்திரிகை வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ்காரர்களின் ரகசிய அமைப்பு ‘கிளான் ந கேல்’. அதன் மாநாடு அதே வருடம் பால்டிமோரில் கூடியபோது, டெவாய் இந்தக் கடிதத்தை வாசித்தார். கிளைகள் மூலம் சிறுகச் சிறுக நிதி சேர்ந்தது. எப்படி மீட்பது என்பதற்கு யோசனை சொன்னவர், ஜான் பாயில் ஓ'ரெய்லி. அவரும் ஹூகுமான்டில் வந்த கைதிதான். 1869-ல் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றில் தப்பி, பாஸ்டனில் பத்திரிகை ஆசிரியராகியிருந்தார். அந்தக் கடலில் திமிங்கிலக் கப்பல் சாதாரணக் காட்சி. போர்க்கப்பல் போனால் சந்தேகப்படுவார்கள். திமிங்கிலக் கப்பல் போனால் யார் கேட்கப்போகிறார்கள்?

அப்படி வாங்கப்பட்டதுதான் ‘கேட்டல்பா’. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டு, அன்று திமிங்கில வேட்டைக்குப் பெயர்போன துறைமுகம். அந்த ஊர்க்காரரான ஜார்ஜ் ஆன்டனி கேப்டனாக வரச் சம்மதித்தார். அவர் ஐரிஷ்காரர் அல்ல. வீட்டில் இளம் மனைவியும் கைக்குழந்தையும். கடல் வேலையே வேண்டாம் என்று கரையில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தவர். 1875 ஏப்ரல் 29-ம் தேதி கேட்டல்பா புறப்பட்டது. போகிற வழியில் திமிங்கிலங்களைப் பிடித்து எண்ணெய் எடுத்தார்கள். கப்பலில் இருந்த பெரும்பாலான மாலுமிகளுக்குப் பயணத்தின் உண்மையான நோக்கம் தெரியாது!

பத்து வருடத்துக்கு முந்தைய இரவு

கப்பல் போகட்டும். கரையில் இறங்கி, சிறையை வேவு பார்த்து, கைதிகளோடு தொடர்பு ஏற்படுத்தி, நாள் குறிக்க ஓர் ஆள் வேண்டும். டெவாய் தேர்ந்தெடுத்தது பிரெஸ்லினை. அதற்குக் காரணம், 1865 நவம்பர் 24-ம் தேதி இரவு.

அயர்லாந்தின் டிராஹெடா ஊரில் பிறந்த பிரெஸ்லின், அப்போது டப்ளினில் ரிச்மண்ட் சிறையின் மருத்துவமனைப் பிரிவில் வேலை பார்த்தார். ஃபீனியன் இயக்கத் தலைவர் ஜேம்ஸ் ஸ்டீஃபன்ஸ் அங்கேதான் அடைக்கப்பட்டிருந்தார். சிறைச் சாவிகளை மெழுகில் அச்செடுத்து, வெளியே மாற்றுச் சாவி செய்யப்பட்டது. புயல் அடித்த அந்த இரவில், பிரெஸ்லின் போய் ஸ்டீஃபன்ஸின் அறையைத் திறந்துவிட்டார். மதிலுக்கு வெளியே காத்திருந்த ஆட்களை ஏற்பாடு செய்தவர் டெவாய். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. மறுநாளும் பிரெஸ்லின் ஒன்றும் தெரியாதவர்போல வேலைக்கு வந்தார். பிற்பாடுதான் நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்கா போனார்.

பதற்றப்படாத மனிதர். அதிகாரிகளுடன் சரிசமமாகப் பேசத் தெரிந்தவர். சிறை எப்படி இயங்கும் என்பதை உள்ளே இருந்தே பார்த்தவர். இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா?

‘பணக்காரர்’ காலின்ஸ் வருகிறார்!

1875 நவம்பரில் ஃப்ரீமேன்டில் துறைமுகத்தில் இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவரை ஒருவர் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஒருவர் தாமஸ் டெஸ்மண்ட். பெர்த்துக்குப் போய், குதிரை வண்டி செய்யும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். இன்னொருவர், ‘ஜேம்ஸ் காலின்ஸ்’ என்ற பெயரில் வந்த பிரெஸ்லின். நல்ல உடை, நிதானமான பேச்சு. முதலீடு செய்ய இடம் தேடும் அமெரிக்கப் பணக்காரர் என்று சொல்லிக்கொண்டு, எமரால்டு ஐல் ஹோட்டலில் அறை எடுத்தார்.

சின்னக் காலனி அது. பணம் கொண்டுவருகிறவர் என்றால் கவர்னர் மாளிகைக் கதவும் திறக்கும். கவர்னர் வில்லியம் ராபின்சனின் அறிமுகமே கிடைத்தது. சிறையைப் பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டபோது, அதிகாரிகளே மரியாதையாக அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டினார்கள். மதில், வாசல், காவல், நடைகள் எல்லாவற்றையும் பிரெஸ்லின் மனதில் குறித்துக்கொண்டார்.

அவருக்குப் புரிந்த விஷயம் இது. இந்தக் கட்டடத்துக்குள்ளிருந்து யாரையும் எடுக்க முடியாது. ஆனால், எடுக்க வேண்டிய தேவையும் இல்லை! நன்னடத்தைக் கைதிகளைத் தினமும் காலையில் ஊருக்குள் வேலைக்கு அனுப்புகிறார்கள். ஒரு பக்கம் முடிவில்லாத புதர்க்காடு, மறுபக்கம் சமுத்திரம். ஓடினால் எங்கே போவான் என்ற தைரியம். படகும் கப்பலும் காத்திருந்தால் அந்தத் தைரியத்துக்கு அர்த்தமில்லை.

ஏற்கெனவே தண்டனைக்காலம் முடிந்து வெளியே இருந்த வில்லியம் ஃபோலி என்ற ஃபீனியன் மூலம் வில்சனுக்குச் செய்தி போனது. அதற்குப் பிறகு காத்திருப்புதான். சொன்ன நேரத்துக்குக் கப்பல் வரவில்லை. தினமும் பணக்காரராகச் சிரித்துப் பேசிக்கொண்டே, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார் பிரெஸ்லின்.

1876 மார்ச் இறுதியில், தெற்கே பன்பரி துறைமுகத்தில் கேட்டல்பா நங்கூரம் போட்டது. ஆன்டனியும் பிரெஸ்லினும் சந்தித்தார்கள். இடத்தை நேரில் பார்க்க, இருவரும் பன்பரியிலிருந்து ஃப்ரீமேன்டிலுக்கு ஒரு நீராவிக் கப்பலில் டிக்கெட் எடுத்துப் பயணம் செய்தார்கள். அந்தக் கப்பலின் பெயர் ‘ஜார்ஜெட்’. பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

ஏப்ரல் 6 என்று முதலில் நாள் குறித்தார்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று ஃப்ரீமேன்டிலுக்கு வந்துவிட, தள்ளிப்போட வேண்டியதாயிற்று. பன்பரிக்கும் ஃப்ரீமேன்டிலுக்கும் இடையே வியாபாரத் தந்திகள் மாதிரி சங்கேத வார்த்தைகள் பறந்தன. கடைசியில் முடிவான நாள், ஏப்ரல் 17. ஈஸ்டர் திங்கட்கிழமை. ஊரின் பெரிய மனிதர்கள் பலர் பெர்த்தில் நடக்கும் படகுப் போட்டியைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

காலை எட்டரை மணி

அன்று காலை வழக்கம்போலக் கைதிகள் வேலைக்கு வெளியே வந்தார்கள். ராபர்ட் கிரான்ஸ்டன் ஒரு காவலரிடம் போய், கவர்னர் வீட்டில் மேசை நாற்காலிகளை நகர்த்த வேண்டுமாம், வில்சனையும் மைக்கேல் ஹாரிங்டனையும் அழைத்துவரச் சொன்னார்கள் என்றார். காவலரும் அனுப்பிவிட்டார்! தாமஸ் டாராவும் தாமஸ் ஹாசெட்டும் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள்போல நடந்தார்கள். ஒரு வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த மார்ட்டின் ஹோகன், வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

ஜேம்ஸ் கீலி என்ற இன்னொரு ஃபீனியனும் இதே சிறையில் இருந்தார். முன்பு ஒருமுறை காட்டிக்கொடுக்க முன்வந்தவர் என்று மற்றவர்கள் நம்பியதால், அவருக்குச் சொல்லவில்லை. காலையில் எழுந்தபோது உடன் இருந்தவர்கள், மாலையில் இல்லை.

ஊருக்கு வெளியே இரண்டு குதிரை வண்டிகள் காத்திருந்தன. ஒன்றில் பிரெஸ்லின், இன்னொன்றில் டெஸ்மண்ட். சிறை உடுப்பை மறைக்கக் கோட்டும் தொப்பியும் தயார். ராக்கிங்ஹாம் கடற்கரையை நோக்கிக் குதிரைகள் பறந்தன. வெளியூருக்குச் செய்தி போகாதபடி தந்திக் கம்பிகளை வெட்டும் வேலையை, வேறு இரண்டு ஃபீனியன்கள் கவனித்துக்கொண்டார்கள்.

28 மணி நேரம்

ஃப்ரீமேன்டிலிலிருந்து ராக்கிங்ஹாமுக்கு இன்று காரில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். அலையே இல்லாத அமைதியான கரை. எதிரே கார்டன் தீவு. குடும்பங்கள் பிள்ளைகளோடு குளிக்க வரும் இடம். அன்று காலை இங்கே துடுப்புப் படகோடு ஆன்டனி காத்துக்கொண்டிருந்தார். வண்டிகள் இரண்டு மணி நேரத்தில் வந்து சேர்ந்தன. கரையில் நடப்பதைப் பார்த்துவிட்ட உள்ளூர் மனிதர் ஒருவர், குதிரையில் ஏறி ஃப்ரீமேன்டிலுக்கு விரைந்தார்.

திமிங்கில வேட்டைப் படகில் 16 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். துடுப்புப் போடுகிற மாலுமிகளுக்கே இவர்கள் யாரென்று அப்போதுதான் தெரிந்தது. கேட்டல்பாவோ கண்ணுக்கெட்டாத தூரத்தில், ஆழ்கடலில் இருந்தது. மாலையில் கப்பல் கண்ணில் பட்ட நேரம் புயல்காற்று பிடித்துக்கொண்டது. பாய்மரம் முறிந்தது. இரவு முழுக்க, படகுக்குள் புகுந்த தண்ணீரை இறைத்துக் கொட்டியபடி அலைகளோடு போராடினார்கள்.

மறுநாள் காலை ஒரு கப்பல் தெரிந்தது. ஜார்ஜெட்! கைதிகளைத் தேட அரசாங்கம் அனுப்பியிருந்தது. படகில் இருந்தவர்கள் அப்படியே கவிழ்ந்து படுத்துவிட்டார்கள். அலைகளுக்கு நடுவே அந்தச் சிறு படகை யாரும் கவனிக்கவில்லை. ஜார்ஜெட் நேரே கேட்டல்பாவிடம் போய்ச் சோதனை போட அனுமதி கேட்டது. கேப்டன் இல்லாத நேரத்தில் பொறுப்பில் இருந்த துணை அதிகாரி சாமுவேல் ஸ்மித் மறுத்துவிட்டார். நிலக்கரி குறைந்துபோக, ஜார்ஜெட் திரும்பியது. போலீஸ் படகு ஒன்று மட்டும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. மதியம் இரண்டு படகுகளும் ஒன்றையொன்று பார்த்துவிட்டன. உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டு, சற்றே முந்திக்கொண்டு மீட்புப் படகு கேட்டல்பாவை எட்டியது. கரையைவிட்டுக் கிளம்பி 28 மணி நேரம்!

ஒரு குண்டு, ஒரு கொடி

கதை முடியவில்லை. ஏப்ரல் 19-ம் தேதி காலை ஜார்ஜெட் மறுபடியும் வந்தது. இந்த முறை சிப்பாய்களும் பீரங்கியும் ஏறியிருந்தன. கேட்டல்பாவின் முன்னால் ஒரு குண்டு பாய்ந்து தண்ணீரைத் தெறிக்கவிட்டது. கைதிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஆன்டனி, பாய்மரத்தின் மேலே பறந்த அமெரிக்கக் கொடியைக் காட்டினார். இது யாருக்கும் சொந்தமில்லாத பொதுக்கடல், இந்தக் கப்பல்மீது சுடுவது அமெரிக்காமீது சுடுவதற்குச் சமம் என்றார்.

அது வெறும் சவடால் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென்மாநிலங்களுக்குக் கப்பல் கட்டித்தந்த விவகாரத்தில், 1872-ல்தான் பிரிட்டன் அமெரிக்காவுக்கு 155 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தது. இன்னொரு சர்வதேச வம்பு வேண்டாம் என்பது கவர்னரின் உத்தரவு. ஜார்ஜெட் கொஞ்ச தூரம் பின்தொடர்ந்துவிட்டு, திரும்பிப் போனது.

பிரெஸ்லின் கவர்னருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். தாய்நாட்டை நேசித்த குற்றத்துக்காக அடைக்கப்பட்ட ஆறு பேரை விடுவித்ததாகச் சான்றளிக்கிறேன் என்று, சர்க்கார் பாணியிலேயே எழுதிய கிண்டல்! 1876 ஆகஸ்ட் 19-ம் தேதி கேட்டல்பா நியூயார்க் துறைமுகத்தை அடைந்தது. இந்த மீட்பில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

கரையில் ஆறு பறவைகள்

துரத்திய ஜார்ஜெட்டுக்கு ஆயுள் கெட்டியில்லை. அதே வருடம் டிசம்பரில், மார்கரெட் ரிவருக்கு அருகே கரை மோதி உடைந்தது. பயணிகளைக் குதிரையோடு அலைக்குள் இறங்கிக் காப்பாற்றியவர்கள், 16 வயது கிரேஸ் பஸ்ஸல் என்ற பெண்ணும் சாம் ஐசக்ஸ் என்ற பழங்குடி மாட்டுப் பண்ணைத் தொழிலாளியும். கேட்டல்பாவோ நிலக்கரி சுமக்கும் தோணியாகி, பெலீஸில் தன் நாட்களை முடித்தது. பிரெஸ்லின் 1887-ல் அமெரிக்காவிலேயே காலமானார். டெவாய் நெடுங்காலம் இருந்தார். 1916-ல் டப்ளினில் விடுதலைக் கிளர்ச்சி வெடித்தபோது, அதற்கு அமெரிக்காவிலிருந்து துணைநின்றவர்களில் அவரும் ஒருவர். அதுவும் ஓர் ஈஸ்டர் திங்கள்!

சென்னையிலிருந்து போகிறவர்கள் சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகப் பெர்த் போகலாம். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். ஃப்ரீமேன்டில் சிறைக்குள் வழிகாட்டியோடுதான் சுற்ற வேண்டும். இரவில் டார்ச் வெளிச்சத்தில் அழைத்துப்போகும் சுற்றும், பூமிக்கடியில் சுரங்கப்பாதைச் சுற்றும் உண்டு. துணிச்சல்காரர்கள், பழைய பெண்கள் சிறைப் பகுதியில் இயங்கும் விடுதியிலேயே தங்கலாம்.

அப்படியே ராக்கிங்ஹாமுக்கும் ஒரு மாலை போய்வர வேண்டும். படகு கிளம்பிய அந்தக் கடற்கரையில் 2005-ல் ஒரு நினைவுச் சின்னம் அமைத்திருக்கிறார்கள். பிரெஸ்லினுக்கோ கேப்டனுக்கோ சிலை இல்லை. காட்டு வாத்துகள் மட்டும், சிறகு விரித்துக் கடலைப் பார்த்துக் கிளம்புகின்றன. எண்ணிப் பார்த்தால் சரியாக ஆறு.